சீராகக் கொடுத்த பதினொரு கோணி

என் தங்கை கன்னியம்மாவின் மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தார். படியில் அள்ளுவார். விரலால் தலைதட்டுவார். முறத்தில் கொட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படி பாதிகூட நிறையவில்லை.

எட்டுப் படி கொண்ட ஒரு மரக்கால் நெல் குத்தினால் நாலு படி அரிசி வர வேண்டும். மாத்தூரில் எந்த வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நெல்லை மாமியார் அளந்து கொடுப்பார். மருமகள் ஊறவைத்து, அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து அரிசியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையும் மாமியார் அளந்துதான் வாங்குவார்.

அந்த அம்மா படியைக் கீழே வைத்தார். தங்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ வந்துட்டுப் போற வாரமெல்லாம் எங்க வூட்ல அரிசி கொறையுது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

என் கையில் ஒரு துணிப்பை இருந்தது. நான் கிளம்பும்போது தங்கை அதில் ஏதாவது போட்டுக் கொடுப்பாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஆறு முருங்கைக்காய் விழுந்தது. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்கு நடந்தேன்.

கன்னியம்மா உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

கல்யாணச் சீர்

துறைமுகத்தில் நான் முதல் மூட்டை தூக்கியதைப் போன வாரம் எழுதினேன். அதைப் படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ராயபுரத்தில் கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு தானியக் கிடங்கு. ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் நெல்லும் அரிசியும் அங்கே வந்து அடுக்காகும். நான் அங்கே மூட்டை தூக்குகிறவன். பள்ளிக்கூடம் மூணாம் வகுப்போடு சரி. அம்மா அப்பா இல்லை. எனக்கென்று இருந்தது கன்னியம்மா ஒருத்திதான்.

அப்பா எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் குதிகால் வெடிப்பு எப்போதும் வெள்ளையாக இருக்கும். உப்பு மூட்டை ஈரம் குடித்திருந்தால் அவருக்கு முதுகில் ஏற்றும்போதே தெரிந்துவிடும். காய்ந்த உப்பு என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். "முதுகைக் கேள்றா" என்பார். எனக்கும் அந்த வழக்கம் வந்துவிட்டது. மூட்டை முதுகில் உட்கார்ந்ததும் ஒரு நொடி அசையாமல் நிற்பேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் சாமி கும்பிடுகிறேன் என்று கேலி செய்வார்கள்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால், கிழிந்த கோணிகளை மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரிய கிழிசல் இருக்காது. வாசலில் உட்கார்ந்து கோணி தைக்கும் காதர் பாயிடம் கொடுத்தால் நாலு தையலில் புதிசு மாதிரி ஆக்கிவிடுவார். ரங்கூன் கோணி நல்ல தடிப்பு. நடுவில் நீலக் கோடு ஓடும். இந்தப் பக்கத்துச் சந்தையில் அந்த மாதிரி கோணி கிடைக்காது.

தங்கைக்கு நகை போட என்னால் முடியவில்லை. கோணி கொடுத்தேன். என் பங்கு போதாமல் மற்றவர்களிடமும் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு சேர்ந்தது. இரட்டைப்படை ஆகாது என்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன். பதினொன்றையும் மடித்து மஞ்சள் துணியில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் மாத்தூர் வரைக்கும் நடந்தேன். கொடுங்கையூர் தாண்டியதும் ஒரே வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது.

கப்பலில் வந்த கோணி என்று ஊரே தொட்டுப் பார்த்தது. எனக்குக் கழுத்து வலி போய்விட்டது.

சுவரோரம் வரிசை

அந்த வீட்டில் ஆள் உயரத்துக்கு, நெல் கொட்டிவைக்கிற ஒரு மண் குதிர் இருந்தது. அடியில் எலி ஓட்டை போடும். அடைப்பார்கள். மறுபடி போடும். கோணி வந்த மறுநாளே என் மச்சான், கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை, கடப்பாரையால் அதை இடித்துவிட்டார். நெல் முழுவதும் கோணிக்குப் போனது. விதை நெல்லும் அதிலேயேதான்.

பதினொரு மூட்டையும் பின்கட்டு அறையில் சுவரில் முதுகைச் சாய்த்தபடி நின்றன. மாமியார் அவற்றுக்குக் கற்பூரம் காட்டினார். "சிப்பாய்ங்க மாதிரி நிக்குதுங்க" என்று பக்கத்து வீட்டுச் சின்னசாமி சொன்னார். தனக்கும் வேண்டும் என்றார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கிடங்கில் மற்றவர்களிடம் மிச்சமிருந்த கோணிகளை வாங்கி, மாசி மாதம் அவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை. மாத்தூரில் என்னைக் 'கோணி அண்ணன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

அதனால்தான் வைகாசியில் அந்த அம்மா என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொன்னபோது, எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

ஜுரம்

எங்கள் கிடங்கில் மூட்டை அடுக்குவதற்கு முறை உண்டு. தரையில் பலகை போட்டு அதன்மேல்தான் அடுக்க வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழம் விட வேண்டும். ஆள் ஒருக்களித்து நுழைந்து போகிற இடைவெளி. ஏன் என்று நான் கேட்டதில்லை. மேஸ்திரி சொன்னார், செய்தோம்.

அந்த வருஷம் கப்பல் மேல் கப்பல் வந்தது. இடம் போதவில்லை. ஒரு மூலையில் மட்டும் சுவரை ஒட்டியே அடுக்கினோம். அது பல மாதம் அப்படியே கிடந்தது.

ஆனி மாதம் அந்த மூலையைக் காலி பண்ணச் சொன்னார்கள். நான் குனிந்தேன். மூட்டையை முதுகில் வைத்தார்கள். வழக்கம்போல ஒரு நொடி நின்றேன். முதுகு சுட்டது.

வெயில் படாத மூலை. மழை வருகிற மாதிரி மூட்டமான நாள். எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் தூக்கிவந்து இறக்கிவிட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்து குளிர்ந்துதான் இருந்தது. காதர் பாய் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனுக்கு ஜொரம் இல்ல நைனா. மூட்டைக்குத்தான் ஜொரம்."

தையலைப் பிரித்து என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். மேலே சாதாரணமாக இருந்தது. முழங்கை வரைக்கும் போனதும், சோற்றுப் பானை இறக்கி வைத்த இடம்போலச் சூடு. கையை எடுத்தால் மயிர்க்காலெல்லாம் மாவு. மாவில் கருஞ்சிவப்பாகச் சின்ன வண்டு. எள்ளில் பாதிகூட இருக்காது.

வண்டு தின்றால் சூடு எதற்கு வரும் என்று கேட்டேன்.

"ஆயிரம் பேரு ஒரே வூட்ல படுத்துகினா புழுங்காதா?" என்றார்.

பிறகு அந்தக் கோணியை உதறிக் கொட்டி, உட்புறத்தை வெளியே திருப்பினார். தைத்த ஓரத்தின் மடிப்பை ஊசியால் பிரித்துக் காட்டினார். மடிப்பு முழுக்க வண்டு. வரிசையாக, நெருக்கிக்கொண்டு இருந்தன. நாலைந்து முறை உதறிய கோணி அது. தூரப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது.

காலிக் கோணியில் தின்ன என்ன இருக்கிறது, எதற்கு அதில் உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டேன்.

பாய் சிரிக்கவில்லை. "காலிக் கோணின்னு ஒன்னு கெடையாது நைனா. நீ அதைக் காலின்னு சொல்ற. அதுங்க வூடுன்னு சொல்லுதுங்க."

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி கத்தினார்.

காசிமேட்டுக் கரை

எனக்குப் புரிந்துவிட்டது. மாத்தூரில் அரிசி குறைவது ஏன் என்று அந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நெல் வெளியே பார்க்க நெல்லாகவே இருக்கும். மரக்காலில் அளந்தால் அளவு சரியாக வரும். உள்ளே அரிசி இருக்காது. குத்தினால் உமியும் மாவும் பறக்கும். தங்கை எவ்வளவு பார்த்துக் குத்தினாலும் நாலு படி வராது.

அந்த வண்டைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தவன் நான். மஞ்சள் துணியில் கட்டி, தலையில் சுமந்து கொண்டுபோனேன். அந்த வீடு மட்டும் இல்லை. ஐந்து வீடு.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் மாத்தூர் போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இல்லை. காசிமேட்டுக் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். மணலில் கருவாடு காயும். காக்கை விரட்டுகிற பெண்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். சொன்னால் தங்கை பெயர் மீளும், என் பெயர் கெடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அதை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஏழுமலை கிடங்கு வாசலுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. அம்மா சொன்னால் தட்டமாட்டார், அவ்வளவுதான்.

"ஆடிக்கு வந்து அதை இட்டுகினு போவ சொல்லிச்சு அம்மா" என்றார். தலை ஆடி மாதம் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ள முறைதான். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவார்.

"ஆவணில நீ எப்போ வருவ மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "அப்பால சொல்லி அனுப்புறோம்னு சொல்லச் சொல்லிச்சு."

சொல்லி அனுப்பமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். ஊறவைக்கும்போது நெல் நிறைய மிதக்கிறது, பதர் அதிகம் இருக்கிறது என்று கன்னியம்மா சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு மாமியாருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. தன் நிலத்தில் பதர் விளையாது என்றாராம். எடுத்ததுமில்லாமல் நிலத்தின்மேல் பழி போடுகிறாள் என்றாராம்.

"நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டேன்.

"நான் இன்னா நெனைக்கிறது. அரிசி கொறையுது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

மாத்தூரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அன்றைக்கே காதர் பாயிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன். நாலைந்து நாள் வரமாட்டேன், மேஸ்திரி கேட்டால் சொல்லிவிடுங்கள் என்றேன்.

முழங்கை வரைக்கும்

ஆடி முதல் ஞாயிறு காலையில் மாத்தூர் போனேன். கன்னியம்மாவின் துணிமணியெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வேலை இருப்பதுபோல நின்றார்கள். சின்னசாமி பல் குச்சியோடு நின்றார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார் மாமியார். நெல்லைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு, நாங்க மிச்சம் வெச்சிருக்கோமான்னு பாக்கவா?"

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் பின்கட்டுக்குப் போனேன். ஏழு மூட்டை மிச்சம் இருந்தது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை. பழைய மாவும் புழுக்கமும் சேர்ந்த வாசனை. கிடங்கின் அந்த மூலையில் இருந்தது அதேதான். சுவரோரம் நின்ற ஒரு மூட்டையை முதுகில் ஏற்றினேன். ஒரு நொடி நின்றேன். கனம் குறைவு. சூடு.

முற்றத்துக்குத் தூக்கிவந்து இறக்கித் தையலைப் பிரித்தேன்.

"அத்தை, கையை விடுங்க. முழங்கை வரைக்கும் விடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரிடம் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, குனிந்து கையை விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. அங்கேயே நிறுத்தினார். கையை எடுக்கவில்லை.

"சுடுது" என்றார். ஏழுமலையைப் பார்த்துச் சொன்னார். "டேய், சுடுதுடா."

மூட்டையைப் பாயில் சாய்த்தேன். மேல் நெல் பொன்னாகத்தான் விழுந்தது. நடுவில் இருந்தது கட்டி கட்டியாக விழுந்தது, மாவோடு. வெளிச்சம் பட்டதும் வண்டுகள் நாலு பக்கமும் ஓடின. பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஒரு நெல்லை எடுத்தேன். பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல ஓட்டை. பல்லில் வைத்தேன். உமி மட்டும் நொறுங்கியது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பதர் இல்ல அத்தை. உங்க நெலம் ஒழுங்காத்தான் வெளைஞ்சிருக்கு. இதுங்க தின்னுட்டுதுங்க."

அவர் அந்த உமியை வெகுநேரம் பார்த்தார். நிலத்தின்மேல் குற்றம் இல்லை என்றதில் முகம் கொஞ்சம் இளகியது. பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இத்தனை வருஷம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது?

நான் கோணியின் உட்புறத்தைத் திருப்பினேன். தையல் மடிப்பைப் பிரித்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"கோணியோட வந்துச்சு. நான் கொண்டாந்த கோணி. என் தங்கச்சி ஒரு மணி எடுக்கல."

அதற்கு முன்னாலோ பின்னாலோ நான் ஒரு கூட்டத்தின் நடுவில் அவ்வளவு பேசியதில்லை.

சின்னசாமி குச்சியைத் துப்பிவிட்டுச் சொன்னார். "சீர் கொண்டாந்தான்னு பாத்தா, சம்பந்தி வூட்டு ஆளுங்களையும் சேத்து இட்டாந்திருக்கான்."

சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் சொல்லியாயிற்று. கன்னியம்மா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். தலையை நிமிர்த்தி நின்றாள். அது எனக்குப் போதும்.

சின்னசாமி தன் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையெல்லாம் மாவு. முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்குளுதும் சுடுது" என்றார்.

நாலு நாள் வெயில்

தின்றது போகட்டும், விதை நெல் இருந்ததே, அதுவும் அதே கோணியில். இன்னும் சில நாளில் நாற்று விட வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாத விதை முளைக்காது. விதை போனால் அடுத்த தை வரைக்கும் அந்த ஐந்து வீட்டுக்கும் சோறு இல்லை. ராயபுரத்துக்கு வந்து ரங்கூன் அரிசிக்கு நிற்க வேண்டும்.

முதலில் விதை நெல்லைத் தண்ணீரில் கொட்டினோம். மிதந்ததை வழித்துக் கோழிக்குப் போட்டோம். அடியில் தங்கியதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தினோம். மற்ற நெல்லையெல்லாம் புடைத்து, களத்தில் பாய் விரித்து, மெல்லிசாகப் பரப்பினோம். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். அதுவரைக்கும் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிடங்கில் நெல் வாங்க வருகிறவர்கள் கடித்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் செய்தேன்.

கோணிகளை எரித்துவிடலாம் என்றார்கள் சிலர். கன்னியம்மா வேண்டாம் என்றாள். நெல் அவிக்கிற அண்டா எல்லா வீட்டிலும் இருக்கிறதே, அதில் கோணியை வேகவைத்தால் என்ன என்றாள். அது என் மூளைக்கு எட்டாதது. கொதிக்கிற தண்ணீரில் கோணியை அமுக்கினோம். வண்டு அடையாக மிதந்து வந்தது. கரண்டியால் வழித்து அடுப்பில் போட்டாள். போடும்போதெல்லாம் பொரிகிற சத்தம். அவளுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்று நினைக்கிறேன்.

காய்ந்த கோணியில் காய்ந்த நெல்லைப் போட்டோம். பனங்கட்டைகளைத் தரையில் படுக்கவைத்து அதன்மேல் மூட்டைகளை நிறுத்தினேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. எதற்கு இடத்தை வீணாக்குகிறாய் என்று ஏழுமலை கேட்டார். சுவர் ஈரம் ஏறாது, காற்று போகும், வாரம் ஒருமுறை சுற்றி வந்து கை வைத்துப் பார்க்கலாம் என்றேன். கிடங்கில் கேட்காத கேள்விக்கு அங்கே நானே பதில் சொன்னேன்.

எல்லாம் தப்பவில்லை. மூன்று மூட்டைக்கு மேல் வீணாய்ப்போனது. விதையும் போதவில்லை. மேட்டு நிலத்தில் நெல் விடாமல் கேழ்வரகு விதைத்தார்கள். மற்ற வீடுகளிலும் ஒரு மூலை அப்படித்தான் ஆனது. சின்னசாமியின் பெண்சாதி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதில் தப்பொன்றும் இல்லை.

நாலாம் நாள் சாயங்காலம், தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தேன். கட்டிவைத்த துணிமூட்டை அங்கே இல்லை. மாமியார் அதைப் பிரித்துக் கன்னியம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

தலை ஆடிக்கு மருமகளை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் பேசும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

"பேசட்டும். நெல்லு காயுது, பாக்க ஆளு வோணும்" என்றார் மாமியார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவரும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் புடவைகளைக் கொடியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவித்த கோணி

அடுத்த பொங்கலுக்கு முன்னால் கோணி கொடுத்தபோது, கிடங்குக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, ஒரு பீப்பாயில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கோணிக்குக் கஞ்சி காய்ச்சுகிறான் என்றார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் பைத்தியக்காரன் என்றார். அவித்துக் காயவைத்துத்தான் மாத்தூருக்குக் கொண்டுபோனேன். உடைந்த பெட்டிகளின் பலகையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விதை நெல்லுக்குக் கோணியே வேண்டாம் என்று கன்னியம்மா முடிவு பண்ணிவிட்டாள். தண்டையார்பேட்டைப் பக்கம் காலி மண்ணெண்ணெய் டின் கிடைக்கும். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, வாரக்கணக்கில் வெயிலில் கவிழ்த்து வைத்தாள். நெல்லை விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசினாள். ஆடியில் உடைத்தபோது ஒரு வண்டு இல்லை. அந்த வருஷம் நாற்று அடர்த்தியாக வந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் அவளிடம்தான் வந்து கேட்டார்கள். என்னிடம் வரவில்லை. அதுவும் சரிதான்.

நான் செய்தது ஒன்றுதான். எப்போது போனாலும் மாமியார் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போவார். ஒவ்வொரு மூட்டையாக முதுகில் ஏற்றி இறக்குவேன். சரியா என்று கேட்பார். சரி என்பேன். எத்தனையோ கப்பல் சரக்கு தூக்கியிருக்கிறேன். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

மழை பொய்த்த வருஷம்

சில வருஷம் கழித்து ஐப்பசி மழை வரவில்லை. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. தை மாதம் அறுக்க ஒன்றும் இல்லை. புழல், மணலி, மாதவரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகள் ராயபுரத்துக்கு வந்தன. கிடங்கு வாசலிலிருந்து ரயில் கேட் வரைக்கும் வண்டி. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. விவசாயம் செய்கிறவர்கள் ரங்கூன் அரிசிக்குக் காலையிலிருந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாங்கள் இடுப்பு ஒடிய வேலை செய்தோம். மேஸ்திரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு எல்லா ஊர் ஆளும் தெரியும்.

"இன்னாடா, எல்லா ஊரு வண்டியும் வந்துகினு கீது. உன் தங்கச்சி தெருவுலேந்து ஒரு வண்டிகூடக் காணோம்?" என்றார்.

நான் மூட்டையை இறக்கி வைத்தேன்.

"அவுங்க வூட்ல போன வருஷத்து நெல்லு கீது" என்றேன்.

எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன் நான். அன்றைக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். எப்படி வைத்தார்கள் என்று கேட்டார்.

மேஸ்திரியிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, அவரைப் பின்பக்கம், கோணி அவிக்கிற பீப்பாயிடம் கூட்டிப்போனேன்.